ஆஸ்டர்லிட்ஸின் இரண்டு படைப் பட்டியல்கள்

போர் வரலாற்று நூல்களின் கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் படைப் பட்டியல்களை நான் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருகிறேன். எந்த மார்ஷலின் கீழ் எத்தனை டிவிஷன்கள் நின்றன, ஒவ்வொரு டிவிஷனிலும் எந்தெந்த ரெஜிமென்ட்கள் இருந்தன, பீரங்கிகள் யார் பொறுப்பில் இருந்தன என்று அடுக்கிக்கொண்டு போகும் அந்தப் பக்கங்களைப் பலரும் புரட்டிக் கடந்துவிடுவார்கள். எனக்கோ போரின் கதைக்கு முன்பாக அந்தப் பட்டியல்தான் வேண்டும். அண்மையில், 1805 டிசம்பர் 2 அன்று மொராவியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) நடந்த ஆஸ்டர்லிட்ஸ் போரின் இரு தரப்புப் பட்டியல்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதிப் பார்த்தேன். இடப்பக்கம் நெப்போலியனின் படை; வலப்பக்கம் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்த கூட்டுப்படை. இடப்பக்கம் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. வலப்பக்கத்தை மூன்று முறை அடித்து எழுத வேண்டியிருந்தது. இந்தப் பதிவு அந்த மூன்று அடித்தல்களைப் பற்றியது.

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுத் தரப்பில் ஏறத்தாழ 73,000 பேர், 139 பீரங்கிகள். கூட்டுப்படையில் ஏறத்தாழ 85,000 பேர், 278 பீரங்கிகள். பீரங்கியில் சரியாக இரு மடங்கு, ஆள்பலத்திலும் அதிகம் என்ற நிலையில் நின்ற ஒரு படை, காலை எட்டு மணிக்குத் தொடங்கிய சண்டையில் மாலைக்குள் சிதறிப்போனது. நெப்போலியனின் மேதைமை, ரஷ்யத் தளபதி குதுசோவின் தயக்கம், ரஷ்யப் பேரரசரான இளம் ஜார் அலெக்சாண்டரின் அவசரம் என்று இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எவையும் பொய்யல்ல. ஆனால் அவை எல்லாம் உச்சியில் இருந்த சில மனிதர்களைப் பற்றியவை. பட்டியல், அவர்களுக்குக் கீழே இருந்த நூற்றுக்கணக்கான அதிகாரிகளைப் பற்றியும் ஒரு செய்தியைச் சொல்கிறது.

பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். 1803 முதல் இரண்டு ஆண்டுகளாக இங்கிலாந்தின் மீது படையெடுக்கும் நோக்கத்தோடு பூலோன் முதலிய கடற்கரை முகாம்களில் தங்கவைக்கப்பட்டிருந்த அந்தப் படை, கடலைக் கடக்கவே இல்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரே ரெஜிமென்ட்கள் ஒரே பிரிகேடில், ஒரே டிவிஷனில், ஒரே தளபதியின் கண்முன் நாள்தோறும் பயிற்சி செய்தன. 1805 ஆகஸ்டில் கிழக்கு நோக்கித் திரும்பியபோது அது ஏழு கோர்களாகப் பிரிந்து புறப்பட்டது. கோர் என்பதை ஒரு குட்டிச் சேனை என்று புரிந்துகொள்ளலாம். இரண்டு முதல் நான்கு காலாட்படை டிவிஷன்கள், அவற்றுக்கென்று சொந்தமாக ஓர் இலகு குதிரைப்படை, சொந்தப் பீரங்கிகள், பொறியாளர்கள், ஒரு தலைமை அலுவலகம் ஆகிய அனைத்தும் ஒரு மார்ஷலின் கையில் இருக்கும். தனியே ஒரு சாலையில் நடக்கவும், எதிரியைத் தனியே சந்திக்க நேர்ந்தால் அண்டை கோர்கள் வந்து சேரும் வரை ஒரு நாள் முழுதும் தாக்குப்பிடிக்கவும் வேண்டியவை எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன.

ஒவ்வொரு டிவிஷனுக்குள்ளும் இரண்டு அல்லது மூன்று பிரிகேட்கள், பிரிகேடுக்குள் ரெஜிமென்ட்கள், ரெஜிமென்டுக்குள் பெரும்பாலும் இரண்டு களப் பட்டாலியன்கள். அன்றைய காலாட்படைப் பட்டாலியன் 9 கம்பெனிகள் கொண்டது. அதில் ஒன்று உயரமும் அனுபவமும் உள்ள கிரனேடியர்களுடையது; இன்னொன்று முன்னே சிதறிச் சென்று குறிபார்த்துச் சுடும் வொல்டிஜர்களுடையது; மற்ற ஏழும் சாதாரணக் காலாட்கள். பழைய போர்களைக் கண்டவரும் புதிதாகச் சேர்ந்தவரும் ஒரே கம்பெனியில் கலந்து நின்றதால், புதியவருக்குப் பாடம் சொல்லப் பக்கத்திலேயே ஆள் இருந்தது.

ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் ஏழு கோர்களும் இல்லை. நே, மார்மோன், ஓஜெரோ ஆகியோரின் கோர்கள் தொலைவில் வேறு பணிகளில் இருந்தன. களத்தில் இருந்தவை பெர்னதோத்தின் முதலாம் கோர், தாவூவின் மூன்றாம் கோரில் ஒரு பகுதி, சூல்ட்டின் நான்காம் கோர், லானின் ஐந்தாம் கோர், முராவின் குதிரைப்படை ரிசர்வ், உதினோவின் கிரனேடியர் டிவிஷன், பேரரசரின் காவற்படை ஆகியவை. இவற்றுள் லானின் கோரை எழுதும்போது எனக்கு ஒரு சிறு தயக்கம் ஏற்பட்டது. அவர் கீழ் நின்ற கஃபரெல்லி டிவிஷன் உண்மையில் தாவூவின் கோரைச் சேர்ந்தது. சூஷே டிவிஷன் முதலில் சூல்ட்டின் கோரில் இருந்தது. இரண்டும் இரவல். அப்படியானால் பிரெஞ்சுப் பட்டியலும் கலைந்து கட்டிய ஒன்றுதானே என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் கைமாறியது முழு டிவிஷன். அதன் தளபதி, பிரிகேடியர்கள், ரெஜிமென்ட்கள், பீரங்கிகள் அனைத்தும் அப்படியே ஒன்றாக நகர்ந்தன. மேலே மார்ஷல் மாறினாரே தவிர, டிவிஷனுக்குள் யாருக்கும் யாரும் அந்நியராகவில்லை.

இனி வலப்பக்கத்துக்கு வருகிறேன். ரஷ்யப் படையில் அன்று ரெஜிமென்ட்தான் நிலையான பெரிய அலகு. அதற்கு மேலே டிவிஷன் என்றோ கோர் என்றோ நிலையாக எதுவும் கிடையாது. போர்க்களத்துக்கு வந்த பிறகு தேவைக்கேற்ப ரெஜிமென்ட்களை இணைத்து ஒரு தளபதியிடம் ஒப்படைப்பார்கள். ரெஜிமென்ட்கள் பலவீனமானவை அல்ல. மூன்று பட்டாலியன்கள் கொண்ட ரஷ்ய மஸ்கெட்டியர் (சாதாரணக் காலாள்) ரெஜிமென்ட், துப்பாக்கி முனையில் செருகும் குத்துக்கத்தியான சனியனைப் பிடித்து நெருங்கி வந்தால் ஐரோப்பாவில் எந்தக் காலாட்படையும் எளிதில் நின்றுவிட முடியாது. குறை அவற்றை இணைக்கும் மூட்டுகளில் இருந்தது.

ஆஸ்திரியப் பகுதியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. போர் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஜெனரல் மாக் தம் காலாட்படை ரெஜிமென்ட்களின் பட்டாலியன் அமைப்பையே மாற்றியிருந்தார். புது அமைப்பு பழகுவதற்குள் அக்டோபரில் உல்மில் அவருடைய படை சரணடைந்தது. எனவே ஆஸ்டர்லிட்ஸில் கோலோவ்ராட்டின் கீழ் நின்ற ஆஸ்திரியக் காலாட்களில் பெரும்பாலோர், புதியவர்களைப் பயிற்றுவிக்கப் பின்னால் நிறுத்தப்படும் கிடங்குப் பட்டாலியன்களிலிருந்து அவசரமாகத் திரட்டப்பட்ட புதியவர்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் போருக்கு வகுத்தவர், கூட்டுப்படையின் தலைமை அலுவலகத்தை நடத்திய ஆஸ்திரியர் வைரோதர். கூட்டுப்படை ஓல்மூட்ஸிலிருந்து நவம்பர் 27 அன்று புறப்பட்டபோது ஐந்து வரிசைகளாக நடந்தது. எனவே அந்த ஐந்தையும் முதலில் எழுதினேன். பிறகு பார்த்தால், போருக்கென்று வகுக்கப்பட்ட வரிசைகள் வேறு, தளபதிகளும் வேறு. இது முதல் அடித்தல். புதிய ஏற்பாட்டின்படி முதல் வரிசை டொக்துரோவ், இரண்டாவது லான்ஜெரோன், மூன்றாவது ப்ரிபிஷெவ்ஸ்கி. இம்மூன்றுக்கும் மேலே இடது பக்கப் பொறுப்பாளராகப் பூக்ஸ்ஹோவ்டன். இவர்களுக்கு முன்னால் முன்னணிப் படையாக ஆஸ்திரியர் கீன்மையர். நான்காவது வரிசைக்கு ஆஸ்திரியர் கோலோவ்ராட், ரஷ்யர் மிலொராடொவிச் என இருவர் தலைமை. இந்த இருவரை ஒரே பெட்டிக்குள் எப்படி எழுதுவது என்று தெரியாமல் பெட்டியை இரண்டாகப் பிளந்தது இரண்டாவது அடித்தல். ஐந்தாவது வரிசை லீச்டென்ஸ்டைனின் குதிரைப்படை. வலக்கோடியில் பக்ராத்தியோன், பின்னால் ஜாரின் தம்பி கான்ஸ்டன்டைன் தலைமையில் ரஷ்யக் காவற்படை.

வரிசை என்று நான் எழுதும் சொல்லைக் கவனிக்க வேண்டும். அது சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து செல்வதற்கான ஏற்பாடு. யார் முன்னே, யார் பின்னே என்பதைத்தான் அது சொல்கிறது. முதல் மூன்று வரிசைகளுக்கும் சொந்தக் குதிரைப்படை என்று சொல்லத்தக்க அளவில் எதுவும் இல்லாததால், முன்னே என்ன இருக்கிறது என்று பார்த்து வரவும் பக்கவாட்டைக் காக்கவும் அவற்றிடம் ஆளில்லை. கூட்டுப்படையின் குதிரைகளில் பெரும்பகுதி ஒரே இடத்தில், லீச்டென்ஸ்டைனிடம் திரட்டப்பட்டிருந்தது. பிரான்ஸிலிருந்து தப்பி ரஷ்யப் பணியில் சேர்ந்த லான்ஜெரோன், அந்த நாட்களில் எந்தத் தளபதிக்கும் ஒரே ரெஜிமென்ட்கள் நிலையாகக் கையில் இருந்ததில்லை என்று பின்னாளில் வருத்தத்தோடு எழுதினார். தம் படையணியின் கர்னல்களின் முகம் பழகுவதற்கு முன்பே அவர்களைச் சண்டைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நிலையில் இருந்த ஒருவரின் குறை அது.

வைரோதரின் திட்டம் டிசம்பர் 2 பிறந்த பிறகு, நள்ளிரவு தாண்டிக் குதுசோவின் தங்குமிடத்தில் தளபதிகளுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட அந்த நீண்ட ஆணையை மேஜர் டோல் ரஷ்ய மொழியில் பெயர்த்து, படி எடுத்து, விடியும் வேளையில்தான் அனுப்ப முடிந்தது. சில தளபதிகளின் கைக்கு அது வந்து சேர்ந்தபோது அவர்களுடைய ஆட்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். பிரெஞ்சுத் தரப்பிலோ முந்தைய மாலையிலேயே ஆணை போய்விட்டது. மேலும் டிசம்பர் 2 காலையில் மார்ஷல்கள் சுரான் குன்றில் நெப்போலியனைச் சுற்றி நின்று கடைசி உத்தரவுகளை நேரில் பெற்றுக்கொண்டார்கள். உத்தரவுகள் சுருக்கமாக இருக்க முடிந்ததற்கும் காரணம் அமைப்புதான். களத்தின் நடுவே இருந்த பிராட்ஸன் மேட்டைப் பிடி என்று சூல்ட்டிடம் சொன்னால் போதும். எந்த ரெஜிமென்ட் எந்தச் சந்து வழியாகப் போக வேண்டும் என்பதை அவரும் அவருடைய டிவிஷன் தளபதிகளும் முடிவு செய்துகொள்வார்கள். வைரோதரால் அப்படிச் சுருக்கமாக எழுதியிருக்க முடியாது. இணைந்து பழகாத ரெஜிமென்ட்களுக்கு எல்லாவற்றையும் எழுத்தில் சொல்ல வேண்டும். அவருடைய ஆணையின் நீளத்தைக் கேலி செய்வோர் பலர். அவரிடம் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது அடித்தல் அன்று காலை நடந்த ஒரு குழப்பத்தால் வந்தது. லீச்டென்ஸ்டைனின் குதிரைப்படை இரவில் தவறான இடத்தில், மேட்டின் மீது காலாட்படைகளுக்கு இடையே முகாமிட்டிருந்தது. காலையில் தன் உரிய இடமான வடக்கு நோக்கித் திரும்பியபோது, தெற்கே இறங்கிக்கொண்டிருந்த லான்ஜெரோனின் வரிசையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் லான்ஜெரோனின் ஆட்கள் நின்றுவிட்டார்கள். அவருடைய வரிசையின் கடைசியில் இருந்த கமென்ஸ்கியின் பிரிகேட், அதில் ஃபனகோரியா கிரனேடியர் ரெஜிமென்ட்டும் ரியாஷ்ஸ்க் மஸ்கெட்டியர் ரெஜிமென்ட்டும், இன்னும் மேட்டிலேயே இருந்தன. நான் இந்த பிரிகேடை லான்ஜெரோனின் பெயருக்குக் கீழே எழுதியிருந்தேன். அன்று அது சண்டையிட்டதோ அவரோடு அல்ல.

மூடுபனி விலகத் தொடங்கிய வேளையில், புண்டோவிட்ஸ் பள்ளத்தில் மறைந்திருந்த சூல்ட்டின் இரண்டு டிவிஷன்கள், செயின்ட் இலேருடையதும் வாந்தாமுடையதும், மேட்டை நோக்கி ஏறின. மேட்டை அடைய எவ்வளவு நேரம் ஆகும் என்று நெப்போலியன் கேட்டதற்கு, இருபது நிமிடத்துக்கும் குறைவு என்று சூல்ட் சொன்னதாக ஒரு புகழ்பெற்ற செய்தி உண்டு. அந்த நேரத்தில் கூட்டுப்படையின் இடது பக்கத்து வரிசைகள் ஏறத்தாழ 40,000 பேருடன் கோல்ட்பாக் ஓடையோரம் டெல்னிட்ஸ், சோகோல்னிட்ஸ் ஊர்களுக்கு இறங்கிப் போயிருந்தன. மேட்டில் எஞ்சியிருந்தவை குதுசோவ் இருந்த நான்காவது வரிசையும் கமென்ஸ்கியின் பிரிகேடும்தான். குதுசோவ் அந்த வரிசையை இறக்காமல் தாமதித்துக்கொண்டிருந்தார். ஜார் வந்து ஏன் நகரவில்லை என்று கேட்ட பிறகே அது புறப்பட்டது. நடைக்கான ஒழுங்கில் நீண்டு கிடந்த அந்த வரிசையின் தலையில்தான் பிரெஞ்சுத் தாக்குதல் விழுந்தது.

கமென்ஸ்கி செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் ஏறுவதைக் கண்டதும் அவர் தம் பிரிகேடைத் தாமாகவே திருப்பி எதிர்த்தார்; லான்ஜெரோனுக்குச் செய்தி அனுப்பினார். லான்ஜெரோனுக்கு முதலில் அது நம்பத்தக்கதாகப் படவில்லை. செயின்ட் இலேரின் டிவிஷன் அன்று சந்தித்த மிகக் கடுமையான எதிர்ப்பு இதுதான். மொராண்ட், திபோ, வாரே என்னும் மூன்று பிரிகேடியர்களின் கீழ் 10-வது இலகு ரெஜிமென்ட், 14, 36, 43, 55-வது லைன் (வழக்கமான காலாள்) ரெஜிமென்ட்கள் கொண்ட அந்த டிவிஷன் இருபுறமும் நெருக்கப்பட்டது. பின்வாங்கலாமா என்று செயின்ட் இலேர் தம் பிரிகேடியர்களிடம் கலந்துகொண்டிருந்தபோது, 10-வது ரெஜிமென்டின் கர்னல் பூசே முன்வந்து, பின்வாங்கினால் அழிவு, சனியன்களோடு பாய்வதே வழி என்று வற்புறுத்தினார். அவர் சொன்னபடியே பாய்ந்தார்கள்; மேடு நிலைத்தது. ஒரு கர்னல் தம் டிவிஷன் தளபதியின் பேச்சில் குறுக்கிட்டு எதிர்க்கருத்து சொல்லவும், அதை அவர் அந்த நொடியில் ஏற்கவும் இரண்டு ஆண்டுப் பழக்கம் வேண்டியிருந்தது. ரஷ்யத் தரப்பில் கமென்ஸ்கியின் செய்தியை அவருடைய வரிசைத் தளபதியே நம்பத் தயங்கிய அதே மேட்டில் இது நடந்தது என்பதுதான் இரண்டு பட்டியல்களுக்கும் இடையிலான வேறுபாடு.

தெற்கே ஓடையோரத்தில் பிரெஞ்சு அமைப்பு அவ்வளவு அழகாக இயங்கியது என்று சொல்ல முடியாது. அங்கே நின்ற லெக்ராண்டின் டிவிஷன் சூல்ட்டின் கோரைச் சேர்ந்தது. ஆனால் சூல்ட் மேட்டில் இருந்தார். டெல்னிட்ஸை முதலில் காத்தது அந்த டிவிஷனின் 3-வது லைன் ரெஜிமென்ட். அதற்கு உதவியாக, வியன்னாப் பக்கத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை ஏறத்தாழ இரண்டே நாளில் நடந்து வந்த ஃப்ரியான் டிவிஷனுடன் தாவூ வந்து சேர்ந்தார். வழியில் களைத்து விழுந்தவர்கள் பலர். வந்து சேர்ந்தவர்கள் நான்காயிரத்துக்கும் குறைவு. பனியிலும் புகையிலும் லெக்ராண்டின் 26-வது இலகு ரெஜிமென்ட், ஃப்ரியானின் 108-வது ரெஜிமென்ட்டை எதிரி என்று எண்ணிச் சுட்டுவிட்டது. வெவ்வேறு கோர்களைச் சேர்ந்த இரண்டு ரெஜிமென்ட்கள் முதன்முறையாக ஒரே ஊரில் சந்தித்தபோது நடந்தது இது என்பதைப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். கூட்டுப்படைக்கு நாள் முழுதும் இருந்த நோய், பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த ஒரு மூலையில் தலைகாட்டியது.

இதனால்தான், ஆஸ்டர்லிட்ஸ் வெற்றி கோர் அமைப்பின் வெற்றி என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் முழுவதும் ஏற்பதில்லை. கடற்கரையிலிருந்து டான்யூப் வரை அத்தனை பேரைப் பல சாலைகளில் கொண்டுவந்து சேர்த்தது கோர். ஆனால் டிசம்பர் 2 அன்று சூல்ட்டின் கோர் இரண்டாகப் பிளந்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சண்டைகளைச் செய்தது; தாவூவின் கோர் ஒரு பகுதியாக மட்டுமே வந்தது; லானின் கோர் இரவல் டிவிஷன்களால் ஆனது. அன்று உடையாமல் நின்றது டிவிஷன்.

கூட்டுப்படையில் உடையாமல் நின்ற ஒரு பகுதியும் இதையே உறுதிப்படுத்துகிறது. வடக்கே, பிரூன் நகரிலிருந்து ஓல்மூட்ஸ் செல்லும் சாலையில் லானையும் முராவையும் எதிர்த்த பக்ராத்தியோனின் படையணி, இன் என்னும் ஆற்றின் கரையிலிருந்து பின்வாங்கிய நாட்கள் முதல் அவரோடு பின்னணிக் காவலாக இருந்த ரெஜிமென்ட்களை மையமாகக் கொண்டது. நவம்பர் 16 அன்று ஷோன்கிராபெர்னில் பன்மடங்கு பெரிய பிரெஞ்சுப் படையைத் தாங்கி நின்றது அதே அணிதான். ஆஸ்டர்லிட்ஸில் அது கடும் இழப்போடு தோற்றது, ஆனால் ஒழுங்கு குலையாமல் விலகிச் சென்றது. தெற்கே ப்ரிபிஷெவ்ஸ்கியோ சோகோல்னிட்ஸில் சூழப்பட்டுத் தம் வரிசையின் பெரும்பகுதியோடு சிறைப்பட்டார்.

தோல்விக்குப் பிறகு ரஷ்யர்கள் ஜாரையோ வைரோதரையோ மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1806-இல் காலாள், குதிரை, பீரங்கி மூன்றும் சேர்ந்த நிலையான டிவிஷன்களை அமைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் போர் அமைச்சர் பார்க்ளே டி டோலியின் காலத்தில் கோர்களும் வந்தன. ஆஸ்திரியர்கள் 1809 போருக்குக் கோர்களாகப் பிரிந்தே புறப்பட்டார்கள்.

என் நோட்டுப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் 1812 செப்டம்பர் 7 அன்று நடந்த பொரோடினோப் போரின் ரஷ்யப் பட்டியல் இருக்கிறது. பெயர்கள் பலவும் பழையவை. தலைமைத் தளபதி அதே குதுசோவ். இரண்டாம் சேனைக்குத் தலைவர் பக்ராத்தியோன். ஆறாவது கோரின் தளபதி, ஆஸ்டர்லிட்ஸில் முதல் வரிசையை நடத்திய டொக்துரோவ். இந்தப் பக்கத்தில் அடித்தல் எதுவும் இல்லை. அன்று முற்பகலில் பக்ராத்தியோன் காலில் படுகாயமடைந்து களத்தைவிட்டுத் தூக்கிச் செல்லப்பட்டார். இடது பக்கத்தின் பொறுப்பை ஏற்கக் குதுசோவ் டொக்துரோவை அனுப்பினார். அவர் போய்ச் சேர்ந்தபோது அங்கே டிவிஷன்கள் தேய்ந்திருந்தன, பள்ளத்தாக்குக்கு அப்பால் பின்தள்ளப்பட்டிருந்தன. ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவை தம் பெயரோடு நின்றுகொண்டிருந்தன. மாலை வரை அவர் அவற்றைக் கொண்டே அந்தப் பக்கத்தைக் காத்தார்.